எடப்பாடிச் சமவெளியின் பழைய தொங்கு மின்காப்பிகள்

உயரழுத்த மின்கோபுரங்களின் கைகளிலிருந்து தொங்கி, மின்கம்பியைத் தாங்கிக்கொண்டு, கம்பியில் ஓடும் மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்கும் தட்டு வடிவப் பீங்கான் அல்லது கண்ணாடிப் பொருள் தொங்கு மின்காப்பி ஆகும். தமிழ்நாட்டு மின்வாரியப் பணியாளர்கள் இதை 'டிஸ்க்' என்றும், பொதுமக்கள் 'பீங்கான்' என்றும் அழைக்கின்றனர். சேலம் மாவட்டத்தின் எடப்பாடி வட்டமும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியும் மேட்டூருக்குத் தெற்கே அமைந்துள்ளன. மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்பாதைகள் இந்நிலத்தைக் கடக்கின்றன. விசைத்தறிகளும் கிணற்று மோட்டார்களும் நிறைந்த இப்பகுதியின் மின்மயமாக்க வரலாற்றுக்குப் பழைய தட்டுகள் நேரடிச் சான்றுகளாகும். எனினும் தட்டு கிடைத்த இடம் பதிவு செய்யப்பட்டால்தான் அது சான்றாகப் பயன்படும்.

அமைப்பு

தொங்கு மின்காப்பியின் ஒரு தட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. மேலே துத்தநாகம் பூசிய வார்ப்பிரும்புத் தொப்பி, நடுவே பீங்கான் உடல், கீழே எஃகு முளை. இவை மூன்றையும் போர்ட்லாந்து சிமெண்ட் பிணைக்கிறது. பீங்கான் அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையில் எளிதில் உடையும். ஆகவே கம்பியின் எடை கீழ்நோக்கி இழுக்கும்போது, அந்த இழுப்பு தொப்பிக்கும் முளைக்கும் இடையிலுள்ள பீங்கானை அமுக்கும்படி தொப்பியின் உட்புறமும் முளையின் தலையும் சரிவாக வடிக்கப்பட்டுள்ளன.

ஒரு தட்டின் முளை அடுத்த தட்டின் தொப்பிக்குள் மாட்டிக்கொள்ளும். இவ்வாறு தட்டுகளைக் கோத்தால் சரம் கிடைக்கும். மின்னழுத்தம் கூடக் கூடச் சரத்தில் தட்டுகளின் எண்ணிக்கையும் கூடும். இந்திய வழக்கில் 66 கிலோவோல்ட் பாதைக்கு 4 அல்லது 5, 110 கிலோவோல்ட்டுக்கு 7 அல்லது 8, 220 கிலோவோல்ட்டுக்கு 13 அல்லது 14 தட்டுகள் பொதுவானவை. எனவே தரையில் நின்றபடியே தட்டுகளை எண்ணி, ஒரு பாதையின் அழுத்தத்தை ஓரளவு கணிக்கலாம். நேராகச் செல்லும் பாதையில் சரம் செங்குத்தாகத் தொங்கும். பாதை திரும்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் சரம் கிடைமட்டமாக இழுபட்டு நிற்கும். இது இழுவைச் சரம் எனப்படும்.

முளை மின்காப்பியிலிருந்து தொங்கு சரத்துக்கு

தொடக்ககால மின்பாதைகளில் மின்காப்பி கம்பியின் கீழே, ஒரு முளையின் மேல் குடை போலப் பொருத்தப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பெரிய மின்பாதையான சிவசமுத்திரம் - கோலார் தங்கவயல் பாதை 1902-இல் இயங்கத் தொடங்கியபோது இவ்வகையே உலகெங்கும் வழக்கில் இருந்தது. ஊர்களுக்குள் செல்லும் 11 கிலோவோல்ட் கம்பங்களில் இன்றும் இதைக் காணலாம். அழுத்தம் உயர்ந்தபோது முளை மின்காப்பி பெரிதாகவும் கனமாகவும் ஆக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 60 கிலோவோல்ட்டுக்கு மேல் அதைப் பயன்படுத்துவது கடினமாயிற்று.

இதற்குத் தீர்வு 1907-இல் அமெரிக்காவில் பிறந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எட்வர்ட் ஹியூலெட், நயாகரா அருவி மின் நிறுவனத்தின் ஹரால்ட் பக் ஆகிய இருவரும் தொங்கு மின்காப்பியை உருவாக்கினர். ஹியூலெட் வகைத் தட்டில் தொப்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. பீங்கானின் நடுவே ஒன்றையொன்று தொடாமல் குறுக்காகச் செல்லும் இரண்டு வளைந்த துளைகள் இருந்தன. அவற்றின் வழியே வடங்கள் கோக்கப்பட்டன. பீங்கான் உடைந்தாலும் இரு வட வளையங்களும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்பதால் மின்கம்பி தரையில் விழாது. அதே காலத்தில் தோன்றிய தொப்பி - முளை வகை பின்னர் உலகத்தரமாக நிலைபெற்றது. தொங்கு சரம் வந்ததால்தான் 100 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட பாதைகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் 1915-இல் தொடங்கிய டாடா நிறுவனத்தின் கோபோலி நீர்மின் நிலையம், அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் மும்பைக்கு மின்சாரம் அனுப்பியது.

முதல் தலைமுறைத் தொப்பி - முளைத் தட்டுகளில் ஒரு குறை இருந்தது. சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சி விரிவதாலும், வெயிலில் இரும்பும் பீங்கானும் வெவ்வேறு அளவில் விரிவதாலும் பீங்கான் உள்ளேயே விரிசல் கண்டது. வெளியே பார்க்கும்போது முழுதாகத் தெரிந்த தட்டு உள்ளே மின்சாரத்தைக் கடத்தியது. பிற்காலத்தில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் இடையே தார் போன்ற மெல்லிய பூச்சு இட்டு, விரிவுக்கு இடம் கொடுத்தனர். பழைய தட்டைத் தொப்பியின் விளிம்பில் உற்றுப் பார்த்தால் சிலவற்றில் இக்கரும்பூச்சு தெரியும்.

சமவெளிக்கு வந்த மின்பாதைகள்

சென்னை மாகாண அரசு 1927-இல் மின்சாரத் துறையை அமைத்தது. அதன் முதல் பெரும்பணி நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம். 1929-இல் தொடங்கிய இத்திட்டம் 1932-இல் மின்னுற்பத்தி செய்யத் தொடங்கியது. மலையில் பிறந்த மின்சாரம் 66 கிலோவோல்ட் பாதையில் கோயம்புத்தூருக்கு இறங்கியது.

காவிரியின் குறுக்கே 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்டது. அணையடியில் கட்டப்பட்ட மின்நிலையம் 1937-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 10 மெகாவாட் திறன் கொண்ட 4 அலகுகள் அங்கு படிப்படியாக நிறுவப்பட்டன. மேட்டூர் அணை முதன்மையாகப் பாசனத்துக்கானது. வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் விடப்படும். மற்ற மாதங்களில் நீர் வெளியேற்றம் குறையும், மின்னுற்பத்தியும் குறையும். ஆகவே மேட்டூரைத் தனியாக இயக்குவதைவிடப் பைக்காராவோடு இணைத்து இயக்குவது பயனளித்தது. இரு அமைப்புகளும் ஈரோட்டில் இணைக்கப்பட்டன. தண்ணீர் விடும் காலத்தில் மேட்டூரும், மற்ற காலத்தில் பைக்காராவும் கூடுதல் சுமையைத் தாங்கின. காவிரிப் பாசன நாட்காட்டியும் மலை அணையின் நீரும் ஒன்றையொன்று ஈடுசெய்வதற்கு இச்சமவெளியின் மின்பாதைகளே கருவியாயின.

1957 ஜூலை 1 அன்று மின்துறை சென்னை மாநில மின்சார வாரியமாக மாறியது. 1960-களின் நடுவில் 50 மெகாவாட் அலகுகள் நான்கைக் கொண்ட மேட்டூர் சுரங்க மின்நிலையம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் மேட்டூர் அனல்மின் நிலையமும், காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய கதவணை மின்நிலையங்களும் சேர்ந்தன. நெரிஞ்சிப்பேட்டைக்கு எதிர்க்கரையில் உள்ள பூலாம்பட்டி எடப்பாடி வட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பாதைகள் போடப்பட்டன, பழையவை வலுப்படுத்தப்பட்டன. ஆகவே இப்பகுதியின் மின்காப்பிகளும் பல காலத்தைச் சேர்ந்தவை.

இம்மின்சாரம் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்மோட்டார் பொருத்தப்பட்டது. கைத்தறி ஓடிய வீடுகளில் விசைத்தறி ஓடத் தொடங்கியது. எந்த ஊருக்கு எப்போது மின்சாரம் வந்தது என்பது அந்த ஊரின் உழவும் நெசவும் எப்போது மாறின என்பதோடு தொடர்புடையது.

பீங்கானும் தொழிற்சாலைகளும்

மின்காப்பிப் பீங்கான் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றும் கலந்த கலவை. ஏறத்தாழப் பாதி களிமண். மீதியில் மற்ற இரண்டும் கலக்கும். இது 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் சுடப்படுகிறது. பெல்ஸ்பார் உருகி மற்ற துகள்களைப் பிணைத்து, நீர் புகாத உடலைத் தருகிறது. சேலம், நாமக்கல் வட்டாரப் பாறைகளில் பெல்ஸ்பாரும், ஊர்மக்கள் வெங்கச்சாங்கல் என்று சொல்லும் குவார்ட்சும் கிடைக்கின்றன. இரண்டும் வெட்டி எடுக்கப்படுகின்றன. எடப்பாடிக்காரர் காலடியில் காணும் கல்லும் தலைக்கு மேல் தொங்கும் பீங்கானும் ஒரே வகைக் கனிமங்களால் ஆனவை.

முற்காலத்தில் உயரழுத்த மின்காப்பிகளைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளே உலகச் சந்தைக்கு அளித்தன. இங்கிலாந்தின் புல்லர்ஸ், டெய்லர் டன்னிக்ளிஃப், டோல்டன், அமெரிக்காவின் ஓஹையோ பிராஸ், லாக், லாப், ஜெர்மனியின் ரோசன்தால், ஜப்பானின் என்.ஜி.கே. ஆகியவை சேகரிப்போர் நன்கறிந்த பெயர்கள். என்.ஜி.கே. 1919-இல் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் மைசூர் அரசு 1930-களில் பெங்களூரில் பீங்கான் தொழிற்சாலை அமைத்தது. அது பின்னாளில் பாரத மிகுமின் நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவாயிற்று. விடுதலைக்குப் பின் வங்காளத்தின் ரிஷ்ராவில் ஜெயஸ்ரீ, சென்னை போரூரில் டபிள்யூ.எஸ்., இராஜஸ்தானின் அபு ரோடில் மாடர்ன் ஆகிய தொழிற்சாலைகள் உள்நாட்டுத் தேவையைப் பெரிதும் ஏற்றன.

அடையாளம் காணும் முறை

பழைய தட்டு ஒன்றின் காலத்தைக் கணிக்கப் பல குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொறிப்பு: தயாரிப்பாளரின் பெயர் அல்லது சின்னம் தொப்பியில் புடைப்பெழுத்தாகவோ, பீங்கானில் மெருகுக்கு அடியில் முத்திரையாகவோ இருக்கும். தொப்பியை வார்த்தவரும் பீங்கானைச் சுட்டவரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் படிக்க வேண்டும். ஐ.எஸ். 731 என்ற இந்தியத் தரநிலையின்படி செய்யப்பட்ட தட்டில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த ஆண்டு, குறைந்தபட்ச முறிவுச்சுமை ஆகியவை இருக்க வேண்டும். ஆண்டு தெளிவாக இருந்தால் மற்றக் குறிப்புகள் துணைச்சான்றுகளே.

நாட்டுப்பெயர்: மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் தட்டு 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அது 1950-களின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் இந்தியத் தர நிறுவனம் 1987-இல் இந்தியத் தர அமைவனமாக மாறிய பிறகும் அதே முத்திரை தொடர்வதால், இதைக்கொண்டு கீழெல்லையை மட்டுமே கூறலாம்.

சுமையின் அலகு: ஒரே வலிமை மூன்று காலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டது. 10,000 பவுண்டு என்பதும், சுமார் 4,500 கிலோகிராம் விசை என்பதும், 45 கிலோநியூட்டன் என்பதும் ஏறத்தாழ ஒன்றே. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்து, சில ஆண்டுகளில் நடைமுறையானது. ஆகவே இந்தியத் தட்டில் பவுண்டு இருந்தால் அது மாற்றத்துக்கு முற்பட்டதாகவோ மாற்றத்தை ஒட்டியதாகவோ இருக்கலாம். கிலோகிராம் இடைக்காலத்தையும், கிலோநியூட்டன் அதன் பிற்காலத்தையும் காட்டும். அமெரிக்கத் தட்டுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கு பவுண்டு தொடர்ந்தது.

வாங்கியவர் பெயர்: சுருக்க எழுத்துகளில் மாநிலப் பெயர் இருந்தால் அதுவும் உதவும். சென்னை மாநில மின்வாரியம் என்ற பெயர் 1957-க்குப் பிற்பட்டது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969-இல்.

இணைப்பு: முளையின் நுனி பந்து போலிருந்து அடுத்த தொப்பியின் குழிக்குள் நுழைவது ஒரு வகை. தட்டையான நாக்கு, கவைக்குள் நுழைந்து குறுக்காணியால் பூட்டப்படுவது மற்றொரு வகை. இரண்டும் நெடுங்காலம் வழக்கிலிருந்ததால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது.

நிறமும் வடிவமும்: பழுப்பு மெருகே மிகுதி, வெள்ளையும் சாம்பலும் உண்டு. அடிப்புற வளையங்கள் ஆழமாக இருந்தால் அது தூசும் உப்புக்காற்றும் பனியும் மிகுந்த இடத்துக்கானது. பச்சை சாயலுள்ள கண்ணாடித் தட்டு பெரும்பாலும் வலுவூட்டிய கண்ணாடி. அது பழுதானால் முழுதும் நொறுங்கி உதிர்ந்து, தொப்பியும் முளையும் மட்டும் மிஞ்சும். பழுதான தட்டு தரையிலிருந்தே தெரிந்துவிடும்.

அளவு: வழக்கமான தட்டின் விட்டம் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5¾ அங்குலம், அதாவது 146 மில்லிமீட்டர். இன்றைய இந்திய அளவுகளான 255, 145 மில்லிமீட்டர் இவற்றின் முழுமையாக்கிய வடிவமே. எனவே அளவுகோலை வைத்துப் பழையது எது, புதியது எது என்று பிரிக்க முடியாது. புதிதாகச் சேகரிப்பவர்கள் செய்யும் பொதுவான பிழை இதுவே.

தட்டின் வயதும் பாதையின் வயதும்

ஒரு தட்டில் 1938 என்றிருந்தால் அது தொங்கிய பாதையும் 1938-ஐச் சேர்ந்தது என்று முடிவு செய்யக்கூடாது. தட்டு சில ஆண்டுகள் கிடங்கில் இருந்திருக்கலாம். வேறொரு பாதையிலிருந்து கழற்றி மாட்டப்பட்டிருக்கலாம். அதேபோல் 1972 என்ற தட்டு, 1940-களின் கோபுரத்தில் பழுதான ஒன்றுக்குப் பதிலாக வந்திருக்கலாம். இடியாலும், கல்லெறியாலும், உள்விரிசலாலும் தட்டுகள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். மேலும் ஒரு சரத்தில் மின்னழுத்தம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கம்பிக்கு அருகிலுள்ள தட்டே அதிகப் பங்கைத் தாங்குகிறது. ஆகவே ஒரே சரத்தில் வெவ்வேறு வயதும் வெவ்வேறு நாட்டுப் பொறிப்பும் கொண்ட தட்டுகள் இருப்பதில் வியப்பில்லை.

இதனால் ஒற்றைத் தட்டைவிடப் பல தட்டுகளின் தொகுதியே வரலாற்றுக்குப் பயன்படும். ஒரே பாதையில் கழற்றப்பட்ட தட்டுகளில் மிகப் பழைய ஆண்டு திரும்பத் திரும்ப வந்தால், அது பாதை போடப்பட்ட காலத்துக்கு அருகில் இருக்கும். இடையிடையே வரும் பிந்தைய ஆண்டுகள் பழுதுபார்ப்பின் வரலாற்றைச் சொல்லும். வெளிநாட்டுப் பெயர்கள் குறைந்து இந்தியப் பெயர்கள் கூடுவது, உள்நாட்டுத் தொழில் வளர்ந்ததைக் காட்டும். தட்டுகள் கலைந்து போனால் இவற்றில் எதையும் மீட்க முடியாது.

சேகரிப்பு

மின்காப்பிகளைச் சேகரிப்பது அமெரிக்காவில் 1960-களில் பரவலான பொழுதுபோக்காயிற்று. 1973-இல் அங்கு தேசிய மின்காப்பிச் சங்கம் தோன்றியது. கண்ணாடி முளை மின்காப்பிகளை வடிவ எண் கொண்டு வகைப்படுத்தும் 'சி.டி.' முறையை உட்வர்ட் என்பவர் வகுத்தார். பீங்கான் முளை மின்காப்பிகளுக்கு 'யு' எண்முறை உண்டு. தொங்கு தட்டுகள் கனமானவை. வழக்கமான 10 அங்குலத் தட்டு ஒன்று ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். நிறவேறுபாடும் குறைவு. அதனால் அங்கும் முளை மின்காப்பிகளுக்கு இருக்கும் ஈர்ப்பு இவற்றுக்கு இல்லை.

எடப்பாடி போன்ற இடங்களில் பழைய தட்டுக்கு நேரும் ஆபத்து வேறு. தட்டில் விலைபோவது இரும்பு மட்டுமே. காயலான் கடைக்குப் போகும் தட்டின் பீங்கானை உடைத்துவிட்டுத் தொப்பியையும் முளையையும் எடுத்துக்கொண்டால், பீங்கானிலிருந்த முத்திரையும் ஆண்டும் சில்லுகளோடு போய்விடும். தொப்பியின் புடைப்பெழுத்து உலையில் உருகிவிடும்.

பதிவுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கிடைத்த ஊர், பாதையின் பெயர், தெரிந்தால் கோபுர எண், சரத்தில் தட்டு இருந்த இடம், தொப்பியிலும் பீங்கானிலும் உள்ள எழுத்துகள், நிறம், இணைப்பு வகை ஆகியவற்றைக் குறித்து, அளவுகோலுடன் மேலும் கீழும் பக்கமுமாக மூன்று படங்கள் எடுத்தால் போதும். தேய்ந்த புடைப்பெழுத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்தாலோ, பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினாலோ எழுத்து தெளியும். அமிலம் ஊற்றிக் கழுவினால் துத்தநாகப் பூச்சும் சிமெண்டும் அரிக்கப்படும். நீரும் மென்தூரிகையும் போதுமானவை. தட்டை வாங்க வேண்டிய தேவையும் இல்லை. கடையிலேயே படமும் குறிப்பும் எடுத்தால் தட்டு உருகிப் போனாலும் தகவல் நிலைக்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

மின்பாதையில் உள்ள எப்பொருளும் மின்நிறுவனத்தின் உடைமை. பயன்பாட்டில் இல்லாத பாதையானாலும் அதிலிருந்து பொருளை எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். முறையான ஏலத்தில் கழிவுப்பொருளாக விற்கப்பட்டதையே சேகரிப்போர் பெற வேண்டும். அதற்கான சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

கோபுரத்தில் ஏறுவது உயிருக்கு ஆபத்தானது. மின்சாரம் நிறுத்தப்பட்டதாகக் கருதப்படும் கம்பியிலும் அருகிலுள்ள பாதையின் தூண்டலால் மின்னழுத்தம் இருக்கக்கூடும். உடைந்த பீங்கானின் விளிம்பு கண்ணாடி போல் வெட்டும். பழைய தட்டை மீண்டும் பளு தூக்கவோ மின்வேலி கட்டவோ பயன்படுத்தக்கூடாது. உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இன்றைய நிலை

1970-களிலிருந்து உலகில் சிலிக்கோன் ரப்பர் உறை கொண்ட பலபடி மின்காப்பிகள் பரவின. இவை எடை குறைந்தவை. கல்லெறிக்கு எளிதில் உடையாதவை. பல தட்டுகள் கொண்ட சரத்துக்குப் பதிலாக ஒரே நீண்ட தண்டாக இவை தொங்குகின்றன. பாதைகள் புதுப்பிக்கப்படும்போது பீங்கான் சரங்கள் மொத்தமாகக் கழற்றப்படுவதால், ஒரு பாதையின் தட்டுகள் ஒரே இடத்தில் குவியும் தருணமும் அதுவே. அவை ஏலத்துக்குப் போகும் முன் ஒரு நாள் செலவிட்டு எழுத்துகளைப் படித்தெடுத்தால், மேட்டூர் மின்சாரம் இச்சமவெளியில் பரவிய வரிசையை ஊர்வாரியாக எழுதுவதற்கு வேண்டிய சான்று கிடைக்கும். மாணவர்கள் பள்ளித் திட்டப்பணியாகவே செய்யக்கூடிய வேலை இது.